ஆஸ்பிரின் யார் சொத்து?

நான் படித்த பிரெஞ்சு அகராதியில் ஆஸ்பிரின் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். சர்க்கரை, உப்பு மாதிரி ஒரு பொதுச்சொல். ஜெர்மனியிலோ அது இன்றும் பேயர் கம்பெனியின் சொத்து. 1899இல் பதிவுசெய்த பெயர். முதல் உலகப் போரோடு பிரான்சு, பிரிட்டன் போன்ற எதிரி நாடுகளில் அந்த உரிமை பறிபோயிற்று. அமெரிக்காவில் 1921இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட், ஜனங்களுக்கு ஆஸ்பிரின் என்றால் மருந்துதான், கம்பெனி அல்ல என்று தீர்ப்பளித்தார். அதன்பின் யார் தயாரித்தாலும் அதே பெயரில் மலிவாக விற்க முடிந்தது.

பாராசிட்டமால் எடுத்த எடுப்பிலேயே பொதுப்பெயர். வழக்கே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நாம் கேட்பது குரோசின், டோலோ. பென்ஷன்காரன் நானும் போன மாதக் காய்ச்சலில், மலிவாகக் கிடைக்கும் மக்கள் மருந்தகத்தைத் தாண்டிப் போய் கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் வாங்கினேன்.