பந்தியும் சத்தியமும்: ஓக்ஸ் ஐயரின் பிரிவு

மெய் பேசுதல் என்பதைப் பொய்ச்சாட்சி சொல்லாதிருத்தல் என்ற அளவிலேயே நாம் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரம் நம்மை அங்கே நிற்க விடுவதில்லை. அந்தியோகியாவில் பேதுரு பொய்யான வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர் பந்தியை விட்டு விலகினார், அவ்வளவே. அந்த விலகலையே சுவிசேஷ சத்தியத்துக்கு ஒவ்வாத நடையென்று பவுல் எல்லார் முன்பாகவும் கண்டித்தார்.

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தை உள்ளிட்ட பழைய தென்னாற்காட்டில் லுத்தரன் திருச்சபை வேரூன்றிய வரலாறு இவ்வதிகாரத்தோடு தொடர்புடையது.

1833ஆம் ஆண்டு தானியேல் வில்சன் அத்தியட்சர், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டுமெனக் கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்கவில்லை. தனித்தனியே அமர்தலும், உயர்ந்தோர் முந்தித் திருவிருந்துக்கு வருதலும் முன்னோர் வழக்கமென வாதாடினர். பின்னர்த் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிஷனை அவர்களுள் பலர் நாடினர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடோ, பறையர் சமைத்த உணவை உண்ண இசைவதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்று தீர்மானித்தது.

இத்தீர்மானத்தை எதிர்த்தவர்களுள் தலையாயவர் லைப்சிக் மிஷனின் இயக்குநர் கிரௌல் பண்டிதர். அவரைத் தமிழ்ப்பகைவர் என எவரும் சொல்ல இயலாது. 1849 முதல் 1853 வரை கீழைநாடுகளில் பயணஞ்செய்து தமிழ் கற்று, 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர் அவரே. சாதி பெரும்பாலும் சமுதாய ஒழுங்கு என்றும், அன்பைச் சட்டத்தால் பிறப்பிக்க இயலாது என்றும், பொறுமையான போதனையால் அது நாளடைவில் தேயும் என்றும் அவர் கருதினார். நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பிரித்தறியும் லுத்தரன் காதுக்கு இவ்வாதம் இனிமையாகவே ஒலிக்கும். ஆயினும் பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டவர் யார்? முன்வரிசையில் இருந்தவரல்லர்.

அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயருக்கு இவ்விளக்கம் ஏற்கவில்லை. கர்த்தருடைய பந்தியில் பிறப்பு வரிசை நிற்குமானால், பிரசங்க பீடத்தில் சொல்லப்படுவது மெய்யாகாது என்பதே அவர் நிலையின் உட்பொருளாக நாம் காண்கிறோம். சங்கத்தோடு நெடுநாள் வழக்காடி, 1850களின் இறுதியில் பிரிந்தார். 1861இல் நெல்லிக்குப்பத்துக்கு அருகிலுள்ள பட்டாம்பாக்கத்தில் புதிய ஊழியத்தலம் அமைத்து, அதற்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில் நம் ஆண்டவர் பந்தியிருந்த ஊரும் பெத்தானியாவே. 1821இல் டென்மார்க்கில் தோன்றிய டேனிஷ் மிஷன் சங்கம் 1860களில் அவரை ஏற்றுக்கொண்டது. (மாணவர் சிலர் இதனைச் சீகன்பால்க் ஐயரின் மிஷனோடு மயங்குகின்றனர், அது டேனிஷ் மன்னர் அனுப்பியது, ஒன்றரை நூற்றாண்டு முந்தியது.) அதன் வழித்தோன்றலே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

ஓக்ஸ் ஐயரின் பிரிவால் தென்னாற்காட்டில் சாதி மடிந்தது என நாம் எழுதத் துணியோம். நம் சபைகளில் திருமணப் பேச்சு எழும்போது அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆயர்கள் அறிவர்.

வில்சனின் கடிதமும் மாநாட்டுத் தீர்மானமும் கிரௌலின் வாதமும் அச்சில் உள்ளன. மற்றவர் உண்டு எழுந்தபின் திருப்பந்தியை அணுகியவர்கள் அதைக்குறித்து என்ன சொன்னார்கள் என்பது அவ்வேடுகளில் அரிதாகவே காணப்படுகிறது.