கனமான கை

உலகத்தில் சில வாதங்கள் முடிந்துபோவதற்காக ஏற்பட்டவை அல்ல. கம்பர் பெரியவரா, வள்ளுவர் பெரியவரா என்பது அவற்றில் ஒன்று. காவேரித் தண்ணீருக்கு ருசி அதிகமா, தாமிரபரணித் தண்ணீருக்கா என்பது இன்னொன்று. இந்த வரிசையில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற மாதம் ஒரு மழை நாளில் தெரிந்துகொண்டேன்.

வீட்டுத் தாழ்வாரத்தில் நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். காப்பி ஆகிவிட்டது, மழை விடவில்லை. எங்களில் ஒருவராவது ஆயுளில் கொசுவை விடப் பெரிய பிராணியை அடித்தவர் இல்லை. அதிலும் பல தடவை குறி தவறியிருக்கிறது. ஆனாலும் பேச்சு எப்படியோ குத்துச் சண்டைக்கு வந்து சேர்ந்தது. சரித்திரத்திலேயே மிகக் கனமான கை யாருடைய கை? ஒருவர் ஜோ லூயிஸ் என்றார். இன்னொருவர் மைக் டைஸன் என்றார். மூன்றாமவர் பாங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாக, "யானையின் மிதியையும் குதிரையின் உதையையும் ஒரே தராசில் வைக்கலாமா, ஸார்? எடைக்கு எடை பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். மழை விட்ட பிறகும் வாதம் விடவில்லை.

கணக்கர் கேட்டது நியாயமான கேள்வி. குத்துச் சண்டையில் ஆளுக்கு ஏற்ற ஜோடி என்பதற்காக எடைப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். 112 ராத்தலுக்கு மேற்படாதவர் 'பிளை வெயிட்'. அதாவது ஈ எடை. அங்கிருந்து படிப்படியாக ஏறி, உச்ச வரம்பே இல்லாத 'ஹெவி வெயிட்' வரையில் போகும். ஈக்குள் ஒரு பீமன் இருந்தால் அவனை எந்தப் பீடத்தில் வைப்பது என்பதுதான் வழக்கின் சாரம்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் துணிந்தவர்கள் உண்டு. 1922-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'தி ரிங்' என்னும் குத்துச் சண்டைப் பத்திரிகை, 2003-ல் எல்லா எடைக்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்து, பலத்த கைக்காரர்கள் நூறு பேரின் ஜாபிதா ஒன்றை வெளியிட்டது. முதலிடம் ஜோ லூயிஸுக்கு. இரண்டாமிடம் ஸாம் லாங்போர்ட் என்பவருக்கு. முதல் பத்துப் பேரில் டைஸனும் இல்லை; ஒரு சண்டையிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவும் இல்லை. மூன்றாமிடத்தில் இருப்பவர் ஜிம்மி வைல்ட். அவருடைய எடை கிட்டத்தட்ட 100 ராத்தல். இன்றையக் கணக்கில் 45 கிலோ!

இந்த வைல்ட், வேல்ஸ் தேசத்தில் 1892-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே குறுகிய இடுக்குகளில் புகுந்து கரி வெட்டுவதற்கு அவருடைய ஒடிசலான தேகம் உதவியாயிருந்தது. பிறகு திருவிழாக்களில் கூடாரம் அடித்து, "எங்கள் ஆளோடு மோத யார் வருகிறீர்கள்?" என்று கூவும் கோஷ்டிகளில் சேர்ந்தார். 'இந்த நோஞ்சானா!' என்று சிரித்துக்கொண்டே மேடை ஏறிய முரட்டு ஆசாமிகளைப் பிறகு தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் வீட்டிலேயே பயிற்சி செய்வதற்கு அவருடைய சம்சாரமே எதிரில் நின்றதாக ஒரு கதை உண்டு. அந்த அம்மாளுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 1918-ல் லண்டனில் தம்மைவிட இருபது ராத்தலுக்கு மேல் கனமான ஜோ கான் என்பவரைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். 'கையில் சம்மட்டி ஏந்திய ஆவி' என்று அவருக்குப் பட்டப் பெயர்.

எடை குறைந்தவன் எடை கூடியவனைச் சாய்ப்பது எப்படி? அதற்கு இன்னொரு மனிதரைப் பார்க்க வேண்டும். பாப் பிட்ஸிமன்ஸ் இங்கிலாந்தில் பிறந்து, நியூஸிலாந்தில் வளர்ந்து, கொல்லுப் பட்டறையில் வேலை செய்தவர். தோள் இரண்டும் கருமானுடையவை, கால்களோ கொக்கினுடையவை. 1897 மார்ச் 17-ந் தேதி அமெரிக்காவில் கார்ஸன் ஸிட்டி என்னும் ஊரில், தம்மைவிடப் பதினைந்து ராத்தலுக்கு மேல் எடை கூடிய ஹெவி வெயிட் சாம்பியன் ஜிம் கார்பெட்டை அவர் எதிர்த்தார். பதினாலாவது சுற்றில், விலா எலும்புகள் பிரிகிற இடத்துக்குக் கீழே மேல் வயிற்றில் ஒரு குத்து. அவ்வளவுதான். கார்பெட் முழங்காலிட்டார். புத்தி தெளிவாயிருந்தது, மூச்சு மட்டும் வரவில்லை. பத்து எண்ணி முடிப்பதற்குள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தச் சண்டையை அப்போதே சினிமாப் படமாகப் பிடித்தார்கள்.

உண்மையில் குத்து என்பது கையிலிருந்து பிறப்பதில்லை. பாதம் தரையை அழுத்துவதில் பிறந்து, இடுப்பின் திருப்பத்தில் வளர்ந்து, தோள் வழியாகக் கைக்கு வந்து சேருகிறது. வயிற்றில் விழும் குத்து மூச்சைப் பிடிக்கும். மோவாயில் விழும் குத்தோ தலையைச் சடக்கென்று திருப்பும். முற்றின தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலம்புகிறதல்லவா? மண்டைக்குள் மூளை அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். எந்தக் குத்து வருவதே தெரியவில்லையோ, அதுதான் ஆளை வீழ்த்தும் என்று அந்தத் தொழிலில் பழகியவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள்.

விஞ்ஞானிகளும் விடவில்லை. பிராங்க் புரூனோ என்ற பிரிட்டிஷ் ஹெவி வெயிட் வீரரைக் கொண்டு, தொங்கவிட்ட ஒரு கருவியில் குத்தச் செய்து அளந்தார்கள். முடிவு 1985-ல் வெளியாயிற்று. கை பாய்ந்த வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், 13 ராத்தல் எடையுள்ள, மெத்தை சுற்றிய மரச் சம்மட்டியை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசி அடித்தால் எப்படியோ அப்படி! ஆனால் இந்த அளவெல்லாம் தொங்குகிற கருவியின் மேல் விழுந்த அடிக்கு. கருவிக்கு வலிக்காது, மனைவி மக்களும் கிடையாது.

ஆகவே, அடி வாங்கியவரைக் கேட்பதுதான் உத்தமம். இராமாயண யுத்தத்தில் அநுமார் கையால் அடி வாங்கித் தள்ளாடித் தெளிந்த இராவணனே அநுமாரின் பலத்தைப் புகழ்ந்து பேசவில்லையா? அடியின் கனத்துக்கு அவனைவிட நல்ல சாட்சி ஏது? எர்னி ஷேவர்ஸ் என்பவர் உலகச் சாம்பியன் ஆனதே கிடையாது. ஆனால் தம்முடைய வெற்றிகளில் 68-ஐ 'நாக்-அவுட்'டாகவே முடித்தவர். 1977-ல் அவரோடு பதினைந்து சுற்றும் நின்று ஜயித்த முகம்மது அலி, ஷேவர்ஸின் அடி ஆப்பிரிக்காவிலுள்ள தம் உறவினர் வரையில் உறைத்தது என்று பிற்பாடு தமாஷாகச் சொல்லுவார். 1979-ல் லாரி ஹோம்ஸ் அவரிடம் அடி வாங்கி மல்லாந்து விழுந்தார். எப்படியோ எழுந்து அந்தச் சண்டையையும் ஜயித்தார். தம்மை அவ்வளவு பலமாக அடித்தவர் வேறு யாரும் இல்லை என்று ஹோம்ஸ் சாட்சி சொன்னார். அவர் டைஸனிடமும் அடி வாங்கியவர் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாமிடம் பெற்ற ஸாம் லாங்போர்டுக்குச் சாட்சி சொன்னவர்களில் அடி வாங்காதவர்களும் உண்டு. கனடாவில் பிறந்த இந்தக் கறுப்பு மனிதரின் உயரம் ஐந்தடி ஏழங்குலந்தான். குறைந்த எடையில் தொடங்கி, கடைசியில் தம்மைவிட ஒரு தலை உயரமான ஹெவி வெயிட்டுகளையெல்லாம் வீழ்த்தினார். ஆனால் ஹெவி வெயிட் பட்டத்துக்கு மோதும் சந்தர்ப்பம் ஒரு நாளும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் நிற வேற்றுமை. இன்னொரு பக்கம் பயம். லாங்போர்டை நினைத்துத் தாம் அஞ்சியதைப் பின்னாளில் மகாசூரர் ஜாக் டெம்ப்ஸியே ஒப்புக்கொண்டார். லாங்போர்டின் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பிழைப்புக்காக எதிரியை உத்தேசமாகத் தேடிக்கொண்டு சண்டை போட்டார். 1944-ல் அல் லேனி என்ற பத்திரிகையாளர், நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் ஒரு சின்ன அறையில், முழுக் குருடராய், கையில் காலணா இல்லாமல் உட்கார்ந்திருந்த அவரைக் கண்டுபிடித்தார். அவர் எழுதிய கட்டுரையைப் படித்த ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். 1956-ல் லாங்போர்ட் காலமானார். உலகத்தின் இரண்டாவது கனமான கை, கடைசிப் பன்னிரண்டு வருஷம் பிறர் கொடுத்ததை வாங்கித்தான் ஜீவித்தது.

இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தபோது, ஜாபிதாவின் மேல் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. அப்போதுதான் எமில் கிரிபித்தின் கதை அகப்பட்டது.

கிரிபித் பலத்த கைக்காரர் என்று பெயர் வாங்கியவரே அல்லர். அவருடைய 85 வெற்றிகளில் நாக்-அவுட் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிறு வயதில் நியூயார்க்கில் ஸ்திரீகளின் தொப்பி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். முதலாளி அவருடைய தேகக் கட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டுத்தான் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றாராம்.

1962 மார்ச் 24-ந் தேதி நியூயார்க் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில், 147 ராத்தல் பிரிவின் பட்டத்துக்காக அவர் கியூபா தேசத்து பென்னி பரெட்டைச் சந்தித்தார். இளம் பிராயத்தில் கரும்பு வெட்டும் கூலியாக இருந்தவர் பரெட். எடை பார்த்த இடத்தில் அவர் கிரிபித்தைக் கேவலமான ஒரு சொல்லால் இகழ்ந்திருந்தார். பன்னிரண்டாவது சுற்றில் பரெட் மேடை மூலையில் கயிற்றின் மேல் சாய்ந்தார். கிரிபித் அடிமேல் அடியாக அடித்தார். பரெட் கீழே விழவில்லை. கயிறு தாங்கிப் பிடித்திருந்தது. நடுவர் குறுக்கே புகுந்து தடுத்தபோது காலம் கடந்துவிட்டது. வீடுகளில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3-ந் தேதி பரெட் இறந்துபோனார். வயது 25.

அவரைக் கொன்ற குத்து எது? எந்த ஜாபிதாவிலும் இடம்பெறக்கூடிய ஒற்றைக் குத்து ஒன்றும் அங்கே விழவில்லை. அதற்கு மூன்றரை மாதத்துக்கு முன்பு, 1961 டிஸம்பரில், பரெட் தம்மைவிடக் கனமான ஜீன் புல்மரிடம் பத்தாவது சுற்று வரையில் அடி வாங்கி விழுந்திருந்தார். அந்தத் தலை ஆறுவதற்குள் மறுபடியும் மேடை ஏற்றினார்கள். ஆக, கிரிபித்தின் கையில் புல்மரின் கனமும் சேர்ந்திருந்தது, ஏற்றி விட்டவர்களின் அவசரமும், தாங்கிப் பிடித்த கயிறும், தயங்கிய நடுவரும், "விடாதே!" என்று கத்திய கூட்டமும் சேர்ந்திருந்தன. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னது எவ்வளவு உண்மை! மனுஷத் தலை அம்மியைவிட மிருதுவானது.

மெத்தைக் கையுறை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கையுறை காப்பாற்றுவது அடிப்பவனுடைய விரல் எலும்புகளைத்தான். வெறுங்கையால் மண்டையில் ஓயாமல் குத்தினால் கை முறிந்துபோகும். கையுறை போட்டவனோ இரவெல்லாம் குத்தலாம்.

1982 நவம்பரில் 135 ராத்தல் பிரிவில் ரே மான்ஸினியோடு மோதிய கொரிய வீரர் டுக்-கூ கிம் பதினாலாவது சுற்றில் விழுந்து, சில தினங்களில் இறந்தார். அதற்குப் பிறகுதான் பதினைந்து சுற்று என்பதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். ஒரு மேடைக்குப் பதினைந்தாவது சுற்று வேண்டாம் என்று தோன்றுவதற்கு எத்தனை பேர் சாக வேண்டியிருக்கிறது!

கிரிபித் அதற்குப் பிறகும் பதினைந்து வருஷம் சண்டை போட்டார். ஆனால் யாரையும் முழு பலத்தோடு அடிக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று சொன்னார். தூக்கத்தில் பரெட் வருவாராம். 2005-ல் வெளிவந்த ஒரு விவரணப் படத்தில், பரெட் சாகும்போது குழந்தையாயிருந்த மகனை அவர் சந்திக்கிறார். கிழவர் தடுமாறிப் பேசுகிறார். மகன் அவரைத் தழுவிக்கொள்கிறான். 2013-ல் கிரிபித் இறந்தார். வாங்கிய அடிகள் கடைசிக் காலத்தில் அவர் நினைவையும் அழித்துவிட்டிருந்தன.

மறு வாரம் நண்பர்கள் கூடியபோது இதையெல்லாம் சொன்னேன். ஜோ லூயிஸ் கட்சிக்காரரும் டைஸன் கட்சிக்காரரும் சற்று நேரம் பேசவில்லை. கணக்கர் மட்டும் அந்த நூறு பேர் ஜாபிதாவை என்னிடமிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மேலிருந்து கீழ் வரையில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாய்த்தான் இருக்கிறது, ஸார்," என்றார். "ஆனால் வரவு மட்டும் எழுதியிருக்கிறார்கள். பற்று எழுதவே இல்லையே!"