இரு பெயர்களும் ஒரு விளைவும்

இந்தியராய்ப் பிறந்து, இந்திய மண்ணிலேயே ஆராய்ந்து, அறிவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் சர் சி. வி. இராமன் ஒருவரே. 1930ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்த அப்பெருமையை அறியாதார் நம்மிடையே இலர். ஆயின், அக்கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த கட்டுரைகளுள் முதன்மையான ஒன்றில் இரண்டு பெயர்கள் உள்ளன என்பதை அறிந்தார் மிகச் சிலரே. 1928 மார்ச் 31ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளியான அக்கட்டுரையின் மற்றோர் ஆசிரியர் கே. எஸ். கிருஷ்ணன்.

கிருஷ்ணன் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். தந்தையார் தமிழும் வடமொழியும் கற்றவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், இராமனை நாடிக் கல்கத்தா சென்றார். 1923இல் பௌபசார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வைத் தொடங்கினார். ஒளி நீர்மங்களில் பட்டுச் சிதறும்போது நிகழ்வது யாது என்னும் வினா, 1921இல் நடுநிலக்கடலின் நீல நிறத்தைக் கண்ட நாள்முதல் இராமனை ஆட்கொண்டிருந்தது. கே. ஆர். இராமநாதன் 1923இலேயே சிதறிய ஒளியில் ஒரு மெல்லிய நிறமாற்றத்தைக் கண்டார். வேங்கடேசுவரன் என்னும் ஆய்வாளரோ, நன்கு தூய்மையாக்கிய கிளிசரின் நீலமாகத் தோன்றாமல் பச்சையாக ஒளிர்வதைக் கண்டார். ஆக, விடை பல கைகளின் வழியே சிறிது சிறிதாக நெருங்கி வந்தது.

1928 பிப்ரவரியில் நிகழ்ந்தவற்றைக் கிருஷ்ணனின் நாட்குறிப்பு நமக்குக் காட்டுகிறது. கோட்பாட்டில் மூழ்கியிருந்த மாணவரைச் சோதனைக்கு மீளச் செய்தவர் இராமனே. பிப்ரவரி 7ஆம் நாள், தூய நீர்மங்கள் யாவும் அந்தப் புதிய ஒளியைக் காட்டுவதையும், அவ்வொளி முனைவாக்கம் பெற்றிருப்பதையும் கிருஷ்ணன் கண்டார். எடுத்துரைத்தபோது ஆசிரியர் நம்பவில்லை. பின்னர்த் தம் கண்ணாலேயே பார்த்தார். அன்றிரவு மாணவரின் வீட்டிற்கே வந்து அழைத்து, இத்தனை நாளும் தேடியது இதுவே என்று வாசலில் நின்றபடி கால்மணிக்கும் மேலாக உணர்ச்சி பொங்கப் பேசினார். நிறமாலைக் கருவி வழியே விளைவு ஐயமற உறுதிப்பட்ட பிப்ரவரி 28ஐ 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஏழாம் நாளுக்கு விழா இல்லை.

இதனைக் கொண்டு இராமன் மாணவரின் புகழைக் கவர்ந்தார் என்பாரும் உளர். அக்கூற்று எனக்கு உடன்பாடன்று. வினா அவருடையது, ஏழாண்டுத் தேடலும் அவருடையது. மார்ச் 16இல் பெங்களூரில் நிகழ்த்திய உரையும் ஏப்ரல் 21இல் ‘நேச்சர்’ வெளியிட்ட கட்டுரையும் அவர் ஒருவர் பெயரிலேயே அமைந்தவை. நோபல் சொற்பொழிவில் மாணவர்தம் பங்கினை அவர் மறைக்கவுமில்லை. ரூதர்ஃபோர்டும் போரும் பரிந்துரைத்ததும் இராமனையே. மாஸ்கோவில் தனியே இதே விளைவைப் படிகங்களில் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் ஆகிய இருவருக்கும் பரிசில் பங்கு கிட்டவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

என் குறை வேறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பிரித்துரைத்து இரு பெயரையும் காத்த மரபு நம்முடையது. செய்தவரையும் செய்வித்தவரையும் ஒருசேர நினைவில் வைக்கத் தெரிந்த நாம், ஸ்டாக்ஹோம் சுட்டிய பெயரோடு நின்றுவிட்டோம். பரிசு தருவோர்க்கு எல்லை உண்டு. வரலாறு எழுதுவோர்க்கும் அதே எல்லை ஏன்?

பரிசளிப்பு நிகழ்ந்த 1930 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். படிகங்களின் காந்தப் பண்புகளைப் பற்றி அங்கே அவர் தொடங்கிய ஆய்வு இராமனின் நிழலில் விளைந்ததன்று, முற்றிலும் அவருடையது. 1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். விடுதலைக்குப்பின் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகி, 1961இல் மறையும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.