கியரின் கணக்கு யார் கையில் இருந்தது?



2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது நம்மில் பலர் மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தோம். சிலர் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ரேஸ் சைக்கிள்களை வாங்கினோம். இப்போது அவற்றின் கியர் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தேய்கின்றன. திருத்தப் போனால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கிறது. ஒன்று, "எந்தக் கியரும் எதுக்கும் போகும்." மற்றது, "இதுக்குச் சாமான் இல்ல, செட்டையே மாத்தோணும்."

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பது அந்த சைக்கிள் செய்யப்பட்ட காலத்தைப் பொறுத்தது. அதற்குப் பின்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உண்டு.

முதலில் மூன்று சாமான்களை மனதில் வைத்துக்கொள்வோம். நாம் விரலால் அசைக்கும் லீவர். பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பற்சில்லுகள். செயினை ஒரு பற்சில்லிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கை. இந்தக் கைக்கு டிரெயிலர் என்று பெயர் (படத்துக்கு முன் ஓடும் டிரெயிலர் அல்ல). லீவர் வயரை இழுக்கிறது, வயர் டிரெயிலரை இழுக்கிறது. அவ்வளவுதான் இயந்திரம்.

பிரான்சைச் சுற்றும் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸில் 1937 வரை இந்தச் சாமானுக்கு இடமில்லை. பந்தயத்தைத் தொடக்கிய ஹென்றி டெக்ராஞ்சுக்கு, கியர் மாற்றி ஓடுவது ஆண்மைக்கு இழுக்கு என்பது போல ஓர் எண்ணம். அவர் பொறுப்பைக் கைவிட்ட பிறகே அனுமதி வந்தது. அதற்கு முன்பே, 1928இல், பிரான்சின் டிஜோன் நகரில் லூசியன் ஜூய் என்பவர் சிம்ப்ளெக்ஸ் கம்பனியைத் தொடங்கியிருந்தார். 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் கம்பன்யோலோ, 'கிரான் ஸ்போர்ட்' என்ற டிரெயிலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாற்புறச் சட்டம் போலச் சரிந்து நகரும் அந்த அமைப்பின் வழியில்தான் இன்றைய டிரெயிலர்களும் வருகின்றன.

அந்தக் காலத்து லீவரில் 'டிக்' சத்தம் கிடையாது. உராய்வினால் மட்டும் நிற்கும். எவ்வளவு இழுத்தால் செயின் அடுத்த பல்லுக்குப் போகும் என்பதை ஓடுபவரின் விரலும் காதும்தான் தீர்மானித்தன. கொஞ்சம் கூடினால் கரகரவென்று சத்தம் வரும், விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்வார். கணக்கு மனிதனின் கையில் இருந்தது. அதனால் எந்தக் கம்பனியின் லீவரும் எந்தக் கம்பனியின் டிரெயிலரோடும் சேர்ந்து வேலை செய்தது.

பேஜோவின் புகழ்பெற்ற பிஎக்ஸ்-10 ரேஸ் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். அதன் குழாய்கள் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ். கியர் சிம்ப்ளெக்ஸ், பிரேக் மஃபாக், பெடல் பூட்டும் கிராங்க் ஸ்ட்ரோங்லைட். பேஜோவின் பெயர் மேலே, உள்ளே ஒரு சந்தை! கம்பன்யோலோ டிரெயிலரை வைத்துக்கொண்டு லீவரை மட்டும் சிம்ப்ளெக்ஸுக்கு மாற்றிய பந்தய வீரர்களும் இருந்தார்கள், விரலுக்கு அது இதமாக இருந்ததால். சண்டை வேறிடத்தில் இருந்தது. பிரான்சின் புரி வேறு, இத்தாலியின் புரி வேறு, இங்கிலாந்தின் புரி வேறு. பூட்டத்தான் கஷ்டம். பூட்டிவிட்டால் கியர் மாறும்.

இனி கதை ஜப்பானுக்குப் போகிறது. ஒசாகா பகுதியில் இரண்டு கம்பனிகள் இருந்தன. ஒன்று 1921இல் பிரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ. மற்றது சன்டூர் என்ற பெயரில் விற்ற மாஎடா. 1964இல் சன்டூரின் நோபுவோ ஒசாகி ஒரு சின்ன மாற்றம் செய்தார். பின் பற்சில்லுகள் சிறிதிலிருந்து பெரிதுவரை ஒரு சரிவுபோல இருக்கின்றன அல்லவா? டிரெயிலரும் அந்தச் சரிவோடு சாய்ந்து நகரும்படி அமைத்தார். இதனால் எந்தப் பல்லில் இருந்தாலும் செயினைத் தள்ளும் சில்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய ஒரே அளவாக நின்றது. விலையும் குறைவு. காப்புரிமை இருந்ததால் மற்றவர்கள் அதைத் தொட முடியவில்லை. 1970களில் கியர் மாற்றுவதில் உலகிலேயே சிறந்தது இந்த மலிவான ஜப்பான் சாமான்தான் என்பது நம் கருத்து. விலையுயர்ந்த இத்தாலியச் சாமானின் பளபளப்பில் மயங்கியவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

1984இல் அந்தக் காப்புரிமை முடிந்தது. அதே ஆண்டில் ஷிமானோ புதிய டியூரா-ஏஸ் தொகுதியை அறிமுகம் செய்தது. அதில் சன்டூரின் சாய்ந்த அமைப்பும் இருந்தது, லீவருக்குள் 'டிக், டிக்' என்று நிற்கும் படிகளும் இருந்தன. ஒரு டிக், ஒரு பல். விரலுக்கும் காதுக்கும் இனி வேலையில்லை.

டிக் வைத்த லீவர் அதற்கு முன்பும் இருந்தது. ஷிமானோ வென்றது வேறு காரணத்தால். லீவர், வயர், வயர் ஓடும் உறை, டிரெயிலர், பற்சில்லு, செயின் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தானே செய்து, ஒன்றாக விற்றது. கம்பன்யோலோ இதற்குப் பதிலாக 'சின்க்ரோ' என்ற லீவரைக் கொண்டுவந்தது. வெவ்வேறு பிரீவீல்களுக்கு ஏற்றபடி உள்ளே மாற்றிப் போட நிறம் நிறமான வளையங்கள். எல்லோருடைய சாமானோடும் பொருந்தப் பார்த்தது. சரியாக வேலை செய்யவில்லை. சன்டூரும் தனது டிக் முறையைக் கொண்டுவந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது. சைக்கிள் செய்யும் கம்பனிகள் ஷிமானோவின் முழுத் தொகுதியை நோக்கிப் போய்விட்டன. சாய்ந்த டிரெயிலரைக் கண்டுபிடித்த கம்பனி 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் ஓய்ந்தது. இன்று மவுண்டன் சைக்கிள்களின் முன் ஷொக்கில் நாம் பார்க்கும் 'எஸ்ஆர் சன்டூர்' அந்தப் பெயரின் மிச்சம்.

முழுத் தொகுதியாக வாங்கும் சைக்கிள் கம்பனிகளுக்கு ஷிமானோ தள்ளுபடி கொடுப்பது நியாயமற்ற வியாபாரம் என்று, சிக்காகோவில் 1987இல் தொடங்கிய ஸ்ராம் என்ற சிறு கம்பனி 1990இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்ராம் வளர்ந்ததும் தனக்கென்று வேறொரு கணக்கை வகுத்துக்கொண்டது!

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். தரம் ஐந்துப் பிள்ளைக்கும் முடிந்த பெருக்கல்தான். ஒரு டிக்குக்கு லீவர் இழுக்கும் வயரின் நீளத்தை, டிரெயிலரின் விகிதத்தால் பெருக்க வேண்டும். வரும் விடை பக்கத்துப் பக்கத்துப் பற்சில்லுகளின் இடைவெளிக்குச் சமமாக இருந்தால் கியர் ஒழுங்காக மாறும். ஷிமானோவின் 8 பற்சில்லுத் தொகுதியில் லீவர் ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர் இழுக்கும், டிரெயிலரின் விகிதம் 1.7. பெருக்கினால் 4.76. பற்சில்லு இடைவெளி 4.8. பொருந்துகிறது. ஸ்ராமின் ரோட் டிரெயிலரின் விகிதம் சுமார் 1.3. அதை ஷிமானோ லீவரோடு பூட்டினால் செயின் பாதி வழியில் நின்று கரகரக்கும். திருத்துபவரின் கைப்பிழை அல்ல அது, பெருக்கல் பிழை.

இன்னொன்றும் பாருங்கள். கம்பன்யோலோவின் 10 கியர் லீவர் சராசரியாக இழுப்பதும் சுமார் 2.8 மில்லிமீற்றர்தான். ஆகவே கம்பன்யோலோ 10 லீவர், ஷிமானோ டிரெயிலர், ஷிமானோ 8 பற்சில்லு மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன. இரண்டு கம்பனிகளும் இதைத் திட்டமிடவில்லை. பல நாடுகளில் சைக்கிள் பயணிகள் இதைப் பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன பயன்? ஷிமானோவின் 1.7 விகிதம் ரோட் டிரெயிலர்களில் 6 முதல் 10 வரையும், மவுண்டன் டிரெயிலர்களில் 9 வரையும் பொது. எனவே ரேஸ் சைக்கிளின் டிரெயிலர் உடைந்தால், ஊர்க் கடையில் தொங்கும் 7 அல்லது 8 கியர் மவுண்டன் டிரெயிலரைத் தயங்காமல் பூட்டலாம். விலக்கு இரண்டு. 1996 வரையான டிக் முறை டியூரா-ஏஸுக்கு வேறு விகிதம், அதே கம்பனிக்குள்ளேயே! பிந்தி வந்த டியாக்ரா 4700 தொகுதியும் அப்படித்தான். 11 கியர் ரோட் தொகுதிகளும் தனிக் கணக்கு. செயினையும் பற்சில்லையும் பொறுத்தவரை, 8, 9, 10 கியர்களில் ஸ்ராமும் ஷிமானோவும் ஒரே இடைவெளி. எண்ணிக்கை ஒத்திருந்தால் கலக்கலாம். எதைக் கலந்தாலும் டிரெயிலரின் இரண்டு எல்லைத் திருகாணிகளையும் சரிபார்த்த பிறகே தெருவில் இறங்க வேண்டும். செயின் சக்கரக் கம்பிக்குள் விழுந்தால் ஆளுக்கே ஆபத்து.

பிரேக்கோடு சேர்ந்த லீவர் 1990இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஷிமானோ சைக்கிள்களில் கியர் லீவர் கீழ்க்குழாயில் இருக்கும். வலப்பக்க லீவரின் நடுவில் ஒரு சிறு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். அநேகமானவற்றில் அதைத் திருப்பினால் டிக் சத்தம் நின்று பழைய உராய்வு முறை வந்துவிடும். அதன் பிறகு சன்டூர், கம்பன்யோலோ, பெயர் தெரியாத சீனச் சாமான் எதைப் பூட்டினாலும் அந்த லீவர் இழுக்கும். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் நம் விரல் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் போதும்.