முதிய போர்வீரர்களின் தொடக்ககால ஒளிப்படங்களும் முத்துக்குளித்துறையும்

தம் இளமையில் போரிட்டு, முதுமையில் கேமராவின் முன் அமர்ந்தவர்களின் படங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பல நாடுகளில் எடுக்கப்பட்டன. அமெரிக்காவிலும் பிரான்சிலும் அவை தேசத்தின் பொது நினைவாக மாறின. தூத்துக்குடியை மையமாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1799 முதல் 1801 வரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர் போர் நடந்தும், அதில் போரிட்ட எவருடைய ஒளிப்படமும் இல்லை. போருக்கும் கேமராவுக்கும் இடையிலிருந்த காலத் தொலைவு இதற்கு ஒரு காரணம். போரிட்டவர்களைக் கணக்கில் வைக்க ஓர் அரசு இல்லாமற்போனது அதைவிடப் பெரிய காரணம்.

பிற நாடுகளில் தொடக்கம்

டாகுவேர் முறை என்ற தொடக்ககால ஒளிப்பட முறை 1839இல் பாரிசில் வெளியிடப்பட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் போர்களைக் கண்டவர்கள் சிலர் உயிரோடு இருந்தனர். அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்றவர்களில் எஞ்சியோரை ஈ. பி. ஹில்லார்டு என்ற போதகர் தேடிச் சென்றார். அவர்களின் படங்களையும் பேச்சையும் சேர்த்து 1864இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் ஆறு பேர் இடம்பெற்றனர். எல்லோரும் நூறு வயதை ஒட்டியவர்கள். அப்போது அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தாங்கள் உருவாக்கிய தேசம் இரண்டாகப் பிளப்பதைப் பற்றி அந்த முதியவர்களிடமே அவர் கருத்துக் கேட்டார். ஓய்வூதியம் பெறுவோர் பட்டியலே அவர்களைக் கண்டறிய உதவியது.

பிரான்சில் நெப்போலியனின் படைகளில் இருந்தவர்களுக்கு 1857இல் செயின்ட் ஹெலினா பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் அவ்வீரர்கள் பழைய சீருடை அணிந்து நின்ற 15 படங்கள் இன்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத் தொகுப்பில் உள்ளன. இரண்டு நாடுகளிலும் முதலில் அரசு ஏட்டில் பெயர் ஏறியது. பிறகுதான் படம் எடுக்கப்பட்டது.

இந்தியாவில்

1857 எழுச்சி கேமரா இந்தியாவுக்கு வந்த பின் நடந்த போர். அதனால் தோற்றவர் பக்கத்திலும் சில முகங்கள் பதிவாயின. தில்லியில் சிறைவைக்கப்பட்டிருந்த பகதூர் ஷா ஜாபரின் படம் 1858இல் எடுக்கப்பட்டது. எண்பது வயதைக் கடந்த முகலாய மன்னர் அதில் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அதே ஆண்டு ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்ட அவர் 1862இல் அங்கேயே இறந்தார். அது வெற்றி பெற்றவர்கள் தம் கைதியை எடுத்த படம்.

வென்றவர்களுக்கான மேடை வேறாக இருந்தது. 1903 சனவரி 1 அன்று வைஸ்ராய் கர்சன் நடத்திய தில்லி தர்பாரில், பிரிட்டிஷார் பக்கம் நின்று 1857இல் போரிட்ட முதிய வீரர்கள் அணிவகுத்து வந்தனர். அவர்களில் ஐரோப்பியரும் இருந்தனர், இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். 1907 டிசம்பர் 23 அன்று லண்டன் ஆல்பர்ட் அரங்கில் அத்தகையோருக்குப் பொன்விழா விருந்து அளிக்கப்பட்டது. எதிர்ப்பக்கம் நின்று உயிர் தப்பிய சிப்பாய்களுக்கு அத்தகைய மேடை இல்லை. தாம் போரிட்டதை வெளியே சொல்வதே அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது.

பாஞ்சாலங்குறிச்சிப் போரின் தலைமுறை

பாஞ்சாலங்குறிச்சியின் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தோரும் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். சில நாட்களிலேயே இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினர். தூத்துக்குடித் துறைமுகமும் சிறிது காலம் அவர்கள் கைக்கு வந்தது. மே மாதம் கோட்டை வீழ்ந்தது. அவர்களுடன் சேர்ந்து போரிட்ட சிவகங்கையின் மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கோட்டைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. களத்தில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கல்லறைகள் எழுந்தன. பாளையக்காரர் பக்கம் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட எழுதப்படவில்லை.

1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகள் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களில் இருந்தனர். துரைசாமி அப்போது பதின்ம வயதுச் சிறுவன்.

எழுத்தில் எஞ்சிய உருவம்

இந்தக் கடற்கரையின் போரில் சிக்கிய ஒருவரைப் பல ஆண்டுகளுக்குப் பின் கண்ட சாட்சியம் ஒன்று உண்டு. அது ஒளிப்படம் அன்று. பாஞ்சாலங்குறிச்சியிலும் காளையார்கோவிலிலும் கம்பெனிப் படையில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், அதற்கு முன் மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். 1818இல் பினாங்கு சென்றபோது மெலிந்து தளர்ந்த ஒரு கிழவர் தன்னிடம் வந்ததாகவும், பெயரைக் கேட்ட பிறகே அவர் துரைசாமி என்று தெரிந்ததாகவும் வெல்ஷ் எழுதுகிறார். துரைசாமிக்கு அப்போது முப்பதைச் சற்றே கடந்த வயதுதான். ஊரில் எஞ்சியிருந்த தம் குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொண்டுசேர்க்கும்படி அவர் கேட்டார். கடமை இடம் தராததால் வெல்ஷ் அதை ஏற்கவில்லை. 1830இல் லண்டனில் வெளிவந்த அவருடைய போர் நினைவு நூலில் இச்சந்திப்பு உள்ளது. டாகுவேர் முறை வெளிவர அப்போது இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

கேமரா வந்த பின்

சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையைப் படமெடுத்தார். 1801இல் இருபது வயதில் வேலேந்திய ஒருவர் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 77 வயது. ஆகவே அந்தத் தலைமுறை கேமராவுக்கு முற்றிலும் எட்டாததாக இருக்கவில்லை. ட்ரைப்பின் கேமரா கோயில்களையும் அரண்மனையையும் தேடியது. முதியவர் யாரும் தாமாக முன்வந்து, தூக்குக்குப் போனவர்களின் தோழன் நான் என்று சொல்லியிருக்கவும் வாய்ப்பில்லை.

முத்துக்குளித்துறைக்குக் கேமரா வந்தபோது அது தேடியது தொழிலையும் சாதியையும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முத்து, சங்கு குளித்தலைப் பற்றி 1890இல் எழுதினார். 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளின் படங்கள் இடம்பெற்றன. மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இத்தகைய ஆய்வுகளில் மனிதர்கள் பெரும்பாலும் தம் சாதியின் அல்லது தொழிலின் மாதிரியாகவே நிறுத்தப்பட்டனர். பரதவர்களும் பிற குளியாளிகளும் பெயரும் வயதும் நினைவும் உள்ள தனிமனிதர்களாக அவற்றில் அரிதாகவே தெரிகின்றனர்.

சுதேசித் தலைமுறை

தூத்துக்குடியின் போராட்டக்காரர்களுக்கு முகம் கிடைத்தது 1906க்குப் பிறகு. வ. உ. சிதம்பரனார் அவ்வாண்டு தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடியின் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. மார்ச் 12 அன்று சிதம்பரனாரும் அவருடன் இயங்கிய சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர்.

தலைப்பாகையும் கோட்டும் அணிந்த சிதம்பரனாரின் படம் தமிழ்நாடு முழுவதும் பழகிப்போனது. கோவைச் சிறையில் செக்கிழுத்து, பின்னர் 1912 இறுதியில் விடுதலையானபோது அவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனியும் இல்லை. பறிபோன வழக்கறிஞர் உரிமம் வாலஸ் என்ற நீதிபதியின் முயற்சியால் பின்னர் திரும்பக் கிடைத்தது. சிதம்பரனார் 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் தம் 64ஆம் வயதில் இறந்தார். சிறையில் தொழுநோய்க்கு ஆளான சிவா 1925இல் நாற்பது வயதில் மறைந்தார். துரைசாமியைப் போலவே இவர்களின் உடலையும் வயதுக்கு முன்னே தளர்த்தியது சிறை.

தலைவர்களின் படங்கள் நிலைத்த அளவுக்கு, கோரல் மில்லில் வேலையை நிறுத்தியவர்களும் கடையடைத்தவர்களும் நிலைக்கவில்லை. 1908இல் பங்கேற்ற எளிய மனிதர்களின் பெயர்களை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்த நூல்களில் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' முதன்மையானது. அதற்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஓய்வூதியமும் படமும்

விடுதலைக்கு 25 ஆண்டுகள் கழித்து, 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் தாமிரப் பட்டயங்களும் வழங்கப்பட்டன. சிறை சென்றவர்களோடு இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களும் இத்திட்டத்தில் இடம்பெற்றனர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர்கள் பலர். ஒரு காலத்தில் ஆபத்தாக இருந்த கடந்தகாலம் இப்போது சான்றிதழ் பெறும் தகுதியானது. அமெரிக்காவில் 1864இல் நிகழ்ந்தது இங்கே நூறாண்டுக்கு மேல் கழித்து நிகழ்ந்தது. அரசு பட்டியல் எழுதிய பிறகே முதியவர்களை விழா மேடைகளும் நாளேடுகளும் தேடின.

கற்பனை முகங்கள்

பாஞ்சாலங்குறிச்சித் தலைமுறையின் நினைவைக் கதைப்பாடல்கள் காத்தன. நா. வானமாமலை அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். கட்டபொம்மனின் முகமாக இன்று பலர் மனத்தில் நிற்பது 1959இல் வெளியான திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற வேடம். பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாடு அரசு 1974இல் நினைவுக்கோட்டை எழுப்பியது. 1999இல் கட்டபொம்மனுக்கு அஞ்சல்தலை வெளியானது. தூத்துக்குடித் துறைமுகம் 2011இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இந்த மாற்றங்கள் தலைவர்களுக்கு உருவமும் இடமும் அளித்தன. அவர்கள் பின்னால் நின்று போரிட்டு, ஆயுதத்தை மறைத்து ஊருக்குத் திரும்பி, கிழவர்களாகி இறந்தவர்களைப் பொறுத்தவரை கதைப்பாடலும் கம்பெனி ஆவணமும் வெல்ஷின் சில பக்கங்களுமே இன்றுள்ள மூலங்கள்.