கரண்ட் போன நேரத்தில் பேட்டரியும் கைவிடுகிறதா? தீர்வு 13.6 வோல்ட்டில் இருக்கு!

மீட்டிங் நடுவே கரண்ட் கட். அவசரத்துக்கு வாங்கி வைத்த 12 வோல்ட் பேட்டரியை எடுத்தால், அதிலும் சார்ஜ் இல்லை. பல நேரம் தப்பு பேட்டரியில் இல்லை, அதை நாம வச்சிருக்கும் விதத்தில்தான்.

ஏன் இப்படி?

யுபிஎஸ்ஸில் வரும் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, சும்மா இருந்தாலே மெல்ல சார்ஜை இழக்கும். அப்படியே விட்டால் தகடுகளில் லெட் சல்பேட் இறுகிப்போய், பேட்டரியின் திறன் குறையும். சரி, சாதாரண சார்ஜரில் நாள்கணக்கில் போட்டு வைக்கலாமா? கூடாது. சார்ஜ் அளவு மீறினால் உள்ளே இருக்கும் நீர் வற்றிவிடும்.

ஃப்ளோட் சார்ஜ் என்றால்?

12 வோல்ட் பேட்டரியில் 6 செல்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.27 வோல்ட், மொத்தம் 13.6. இந்த அளவில் நிலையாக நிறுத்தினால், நிரம்பிய பேட்டரி மிகக் குறைந்த கரண்ட்டையே எடுக்கும். மாதக்கணக்கில் இணைத்தே வைக்கலாம்.

என்னென்ன வேணும்?

- பழைய 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் (இதனால் 230 வோல்ட் பக்கமே நீங்கள் போக வேண்டாம்)
- எல்எம்317 ஐசி, ஹீட் சிங்க்
- 240 ஓம், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 500 ஓம் பிரீசெட்
- 1என்4007 டையோடு
- 4.7 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்
- 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 1 ஆம்பியர் ஃபியூஸ்

எப்படி இணைப்பது?

அடாப்டரின் பிளஸ், ஐசியின் இன்புட்டுக்கு. அங்கிருந்து மைனஸுக்கு கெபாசிட்டர். அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் பின்னுக்கும் நடுவே 240 ஓம். அட்ஜஸ்டிலிருந்து 2.2 கிலோ ஓம், பிரீசெட் வழியாக மைனஸ். அவுட்புட்டிலிருந்து வரிசையாக டையோடு, 4.7 ஓம், ஃபியூஸ், பேட்டரி பிளஸ். பேட்டரி மைனஸ் நேராக அடாப்டர் மைனஸுக்கு.

கரண்ட் இல்லாதபோது பேட்டரி பின்னோக்கி வடியாமல் டையோடு தடுக்கும். காலி பேட்டரி அதிக கரண்ட் இழுக்காமல் 4.7 ஓம் பார்த்துக்கொள்ளும். அதனால் நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகலாம்; அவசரப்படாதீங்க.

பேட்டரியை மாட்டும் முன், அந்த இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, மல்டிமீட்டர் 13.6 காட்டும்வரை பிரீசெட்டைத் திருப்புங்கள். வெயில் காலத்தில் அறை 35 டிகிரியைத் தொட்டால் 13.4 போதும்.

கவனம்!

லித்தியம் பேட்டரியை இதில் மாட்டவே கூடாது; தீப்பிடிக்கலாம். ஐசியின் உலோக முதுகு அவுட்புட்டுடன் இணைந்தது, வேறு உலோகத்தில் படக்கூடாது. பேட்டரி காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். உப்பிப்போனால் உடனே கழற்றி, பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் கார் யுஎஸ்பி சார்ஜரை மாட்டினால், போனை இரண்டு முறையாவது ஏற்றலாம். அடுத்த பவர் கட்டில் ஹாட்ஸ்பாட் அணையாது!