டெல்டா கிராபிக்ஸ் லேபும் டாஸ்பாக்ஸும்

விர்ச்சுவல் மெஷின் என்றால் இன்றைக்கு டேட்டா சென்டர், கிளவுட் என்றுதான் நினைப்பு போகும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் 2007-க்குப் பிறகு ஏழெட்டு வருஷம் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.இ. படித்தவர்களில் நிறையப் பேர் அந்தப் பேரைப் பாடத்தில் பார்ப்பதற்கு முன்னாடியே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டியவர்கள். எதற்கு? கிராபிக்ஸ் லேபில் ஒரு வட்டம் வரைய.

போர்லாண்ட் நிறுவனம் டர்போ சி-யை 1987-இல் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வந்த 1.5 பதிப்பில் பி.ஜி.ஐ. என்ற கிராபிக்ஸ் நூலகம் சேர்ந்தது. நம்ம ஊர் லேப்களில் வேரூன்றியது 1990-களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ 3.0. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. இனிட்கிராஃப் என்று ஒரு வரி எழுதி, பி.ஜி.ஐ. ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பாதை கொடுத்தால் திரை 640-க்கு 480 புள்ளியாக மாறும், 16 நிறம் கிடைக்கும். பாதை தப்பினால் "கிராபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு" என்ற எரர். பிராக்டிகல் பரீட்சையில் அதைப் பார்த்துக் கை நடுங்கியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

இந்த நூலகம் வி.ஜி.ஏ. அட்டையோடு நேரடியாகப் பேசும். நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் அனுமதி கேட்காது. டாஸ் காலத்தில் அது சகஜம். விண்டோஸ் என்.டி. 1993-இல் வந்தபோது பழைய டாஸ் புரோகிராம்களுக்கென்று உள்ளே ஒரு தனி அறை கட்டினார்கள். அதன் பெயர் என்.டி.வி.டி.எம்., விரித்தால் என்.டி. விர்ச்சுவல் டாஸ் மெஷின். இன்டெல் 1985-இல் 386 சிப்பில் வைத்த விர்ச்சுவல் 8086 என்ற வசதிதான் அதற்கு அடிப்படை. அதாவது, எக்ஸ்.பி.யில் டர்போ சி ஓட்டிய எல்லாருமே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள்தான் இருந்தார்கள்.

அந்த அறையில் ஒரு ஓட்டை. பிராசஸரைப் பகிர்ந்து கொடுத்தார்கள், மெமரியைப் பிரித்துக் கொடுத்தார்கள், வி.ஜி.ஏ. கிராபிக்ஸுக்கு மட்டும் போலியாக ஒன்றைச் செய்து தரவில்லை. புரோகிராம் கிராபிக்ஸ் மோடுக்குப் போகும்போது விண்டோஸ் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டு நிஜ அட்டையையே இரவல் கொடுக்கும். அதனால்தான் எக்ஸ்.பி.யில் வட்டம் முழுத்திரையில் வந்தது. 2007-இல் விஸ்டா வந்து டிஸ்பிளே டிரைவரின் அமைப்பையே மாற்றியதும் இந்த இரவல் நின்றது. "இந்த சிஸ்டம் முழுத்திரையை ஆதரிக்காது" என்று ஒரு பெட்டி வரும், அவ்வளவுதான். அப்போது ஒரு குறுக்கு வழி பரவியது: டிவைஸ் மேனேஜருக்குப் போய் டிஸ்பிளே டிரைவரை முடக்கிவிட்டால் டர்போ சி ஓடும். கிராபிக்ஸ் புரோகிராம் ஓட கிராபிக்ஸ் டிரைவரைக் கழற்று! 64 பிட் விண்டோஸில் அதுவும் பலிக்காது. பிராசஸர் 64 பிட் நிலையில் இருக்கும்போது விர்ச்சுவல் 8086 வசதியே கிடையாது, என்.டி.வி.டி.எம்.மும் இல்லை.

இந்த நேரத்தில்தான் அரசின் விலையில்லா மடிக்கணினி வந்தது. திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளும், அந்த வகைக் கல்லூரி மாணவர்களும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் என்பது டெல்டா கிராமங்களில் பெரும்பாலும் இதுதான். அடுத்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போச்சு. போர் போட்டிருந்தவருக்கும் கரண்ட் இல்லை. "லேபுக்கு வேற லேப்டாப் வாங்கிக் கொடுங்கப்பா" என்று கேட்கிற வீடு இல்லை அது. கையில் இருப்பதில்தான் ஓட்டியாக வேண்டும்.

என்னென்ன வழி இருந்தது? வி.எம்வேர் பிளேயர் 2005-லிருந்தே இலவசம். விர்ச்சுவல்பாக்ஸ் 2007-இல் திறந்த மூலமாக வந்து, சன் கைக்குப் போய், 2010-இல் ஆரக்கிளிடம் சேர்ந்திருந்தது. இரண்டிலும் ஒரு முழுக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, உள்ளே எக்ஸ்.பி.யையோ டாஸையோ போட வேண்டும். அதற்கு டிஸ்க் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், இருக்கிற கொஞ்ச ராமில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். விண்டோஸ் 7-இன் எக்ஸ்.பி. மோடு புரொஃபஷனலும் அதற்கு மேலான பதிப்புகளும் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்.

டாஸ்பாக்ஸ் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறு ஜாதி. 2002-இல் பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட எமுலேட்டர். வி.எம்வேர் போல உள்ளே ஓடுகிற கட்டளைகளை நிஜ பிராசஸரிடம் தள்ளிவிடாது. பிராசஸர், சவுண்ட் கார்டு, வி.ஜி.ஏ. எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டும். அதனால் மெதுவு. ஆனால் விளையாட்டுக்காரர்களுக்குத் திரைதான் உயிர் என்பதால் வி.ஜி.ஏ. நடிப்பு மட்டும் அபாரமாக இருந்தது. நிஜ அட்டையை இரவல் கேட்கவே வேண்டாம். டாஸும் தனியாகப் போட வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. சில எம்.பி. கோப்பு, மவுண்ட் என்று ஒரு கட்டளை, முடிந்தது. மெதுவாக ஓடுவதிலும் ஒரு லாபம்: பந்து துள்ளும் அனிமேஷன் கண்ணால் பார்க்கிற வேகத்தில் வரும்.

2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டரி தீருவதற்குள் ரெக்கார்டு நோட்டுக்கு அவுட்புட் எடுக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்.பி. பூட் ஆகி முடிப்பதற்குள் டாஸ்பாக்ஸில் இரண்டு புரோகிராம் ஓட்டிவிடலாம். டாஸ்பாக்ஸோடு டர்போ சி-யைக் கட்டி, இரண்டு கிளிக்கில் இன்ஸ்டால் ஆகிற பொட்டலங்கள் பென் டிரைவ் வழியாக ஊர் ஊராகப் போனதில் ஆச்சரியமில்லை. டர்போ சி++ 3.0 இலவச மென்பொருள் இல்லை என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

என் கணிப்பில் அந்தத் தேர்வு மிகச் சரியானது. பிரெசன்ஹாம் 1965-இல் எழுதிய கோடு வரையும் முறையைப் படிக்க ஒரு புள்ளி வைக்கிற வசதி போதும், அதை பி.ஜி.ஐ. தாராளமாகக் கொடுத்தது. பிரச்சினை வேறு பக்கம். லேப் ஓடிக்கொண்டே இருந்ததால் லேபை மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. உலகம் ஷேடர், ஜி.பி.யு. என்று போய்ச் சேர்ந்த பிறகும் 1987-இன் வி.ஜி.ஏ. அட்டையை நடித்துக் காட்டி நாம் மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நூலகத்தையே விண்டோஸுக்கு மாற்றி எழுதிய வின்பிஜிஐஎம், லினக்ஸுக்கு லிப்கிராஃப் எல்லாம் இருந்தன. எமுலேட்டரே வேண்டியதில்லை. இருந்தும் பென் டிரைவ் பொட்டலம்தான் ஜெயித்தது.

ஓப்பன்ஜிஎல் பக்கம் வந்தவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே பழைய அட்டையை நடித்தால் பயனில்லை, நிஜ ஜி.பி.யு.வின் பலம் உள்ளே போய்ச் சேர வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 2009-இல் 3.0 பதிப்பில் ஓப்பன்ஜிஎல் 2.0-ஐ உள்ளே அனுப்பத் தொடங்கியது. வி.எம்வேர் 2008 கடைசியிலேயே டங்ஸ்டன் கிராபிக்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, லினக்ஸின் மெசா டிரைவர் எழுதிக்கொண்டிருந்தவர்களையே உள்ளே கொண்டுவந்தது. அதன் பலன் இன்றும் தெரிகிறது: வொர்க்ஸ்டேஷன் 17-இல் ஓப்பன்ஜிஎல் 4.3 வரை கிடைக்கிறது, 2024-லிருந்து அது இலவசமும்கூட. லினக்ஸ் மேல் க்யூஎமு ஓட்டுகிறவர்களுக்கு விர்ஜிஎல் இருக்கிறது. ஷேடர் எழுதிப் பழக இவை போதும். கூடா வேண்டுமென்றால் இரண்டும் உதவாது, ஜி.பி.யு.வையே முழுசாக விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கிற பாஸ்த்ரூ வேண்டும். அப்போது உங்கள் திரைக்கு வேறொரு கிராபிக்ஸ் வேண்டும். பெரும்பாலான லேப்டாப்புகளில் இன்டெல்லோ ஏ.எம்.டி.யோ ஒன்று சிப்பிலேயே இருப்பது அதற்குத்தான் கைகொடுக்கிறது.